பெடல் எப்படி இருந்தது என்று கேட்டீர்கள்

அண்ணா,

நேற்று லவ்டேல் ரோட்டில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் வண்டியை விட்டிருந்தேன். முன்சக்கரத்தில் பிரேக் பேடு தேய்ந்து கீச்சென்று சத்தம். மெக்கானிக் சக்கரத்தைக் கழற்றினார், பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரின் இரண்டு போல்ட்டையும் எடுத்தார், நெம்பி உருவினார், அப்படியே கையை விட்டுவிட்டார். அத்தனை கனமான இரும்பு வெறும் ரப்பர் குழாயில் தொங்கி ஆடியது. "ஏனுங்க, ஒரு கம்பியப் போட்டு மேல கட்டிருங்க" என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க மெக்கானிக்குங்களா?" என்றார். இல்லை என்றேன். அதற்குள் அவர் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்துவிட்டார். அந்தப் பிரேக் ஆயில் வாடை எனக்கு ஆகாது. வெளியே வந்து ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டேன். வேலை முடிந்ததும் அவர்தான் வந்து கூப்பிட வேண்டியிருந்தது.

கம்பி போட்டுக் கட்டுவது உங்கள் பழக்கம். "குழாய் உள்ளுக்குள்ள கிழிஞ்சா வெளிய தெரியாதுப்பா, மனுசன் மாதிரி" என்பீர்கள். குன்னூர் பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே சரிவில் இருந்த உங்கள் தகரக் கொட்டகையில் எத்தனை நாள் நின்று பார்த்திருக்கிறேன். ஸ்டாண்டில் டாக்சி ஓட்டுகிறவன் நான். சவாரி இல்லாத நேரத்துக்கு உங்கள் கொட்டகைதான் எனக்குப் புகலிடம். பிரேக் வேலை பார்த்த வண்டியை நீங்கள் ஓட்டிப் பார்க்காமல் ஒருவர் கையிலும் கொடுத்ததில்லை. காட்டேரி வரை இறங்கித் திரும்பி வந்த பிறகுதான் சாவி கைமாறும். அவசரப்படுத்தினால், "உன்ர பொண்டாட்டி விதவையாகறதுல உனக்கென்ன அவசரம்" என்று சிரிக்காமல் சொல்வீர்கள்.

தேயிலை விலை விழுந்த வருஷங்கள் அவை. பறிக்கிற கூலிக்குக் கூட இலை விலை கட்டுப்படியாகவில்லை என்று சிறு விவசாயிகள் பறிப்பதையே நிறுத்திவிட்டார்கள். செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்து காடாகின. கேத்திப் பக்கம் தேயிலையைப் பிடுங்கிவிட்டுக் கேரட் போட்டார்கள். ஃபேக்டரிகள் ஒவ்வொன்றாகப் புகையை நிறுத்தின. ஸ்டாண்டில் ஏழு வண்டி நிற்கும், ஏறுவதற்கு ஆள் இருக்காது. அப்போது ஏறியவர்களில் பாதிப்பேர் சட்டிபானையோடு திருப்பூருக்கு இறங்குகிறவர்கள்தான். அவர்கள் போனால் திரும்பி வரும் சவாரி கிடையாது.

மலை டிரைவர்களிடம் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது, உங்களுக்குத் தெரியும். இறக்கத்தில் இஞ்சினை அணைத்து நியூட்ரலில் விட்டு, பிரேக்கை மட்டும் நம்பி உருண்டே அடிவாரத்துக் கல்லாறு வரை போவது. ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளாமல் இருக்கச் சாவியைத் திரும்ப ஒரு சுற்று திருப்பி வைத்துக்கொள்வோம். டீசல் மிச்சம். பழைய வண்டிகளில் அப்படி ஓட்டிப் பழகிய கை எனக்கு. மலை சும்மா தருகிறதை வேண்டாம் என்று சொல்ல நான் யார் என்பது என் வாதம். வண்டி மாறியது, நான் மாறவில்லை.

அந்தச் சவாரி ஒன்பது நாள் சும்மா நின்ற பிறகு வந்தது. மூடிப்போன ஒரு ஃபேக்டரியில் மிஷின் பார்த்துக்கொண்டிருந்த பெரியவரும் அவர் வீட்டுக்கார அம்மாவும். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டார்கள், திருப்பூரில் மகன் வீடு பார்த்து வைத்திருந்தான். காலையில் கிளம்ப வேண்டும். முதல் நாள் மத்தியானம் என் வண்டியின் வலது முன்சக்கரம் சூடேறிப் புகைந்தது. நீங்கள் கழற்றிப் பார்த்து, காலிப்பர் பிஸ்டன் இறுகிவிட்டது, இனி உதவாது என்றீர்கள். புதுசு கோயம்புத்தூரிலிருந்து வர இரண்டு நாளாகும். நான் விடவில்லை. அந்த மூடிய ஃபேக்டரியின் ஷெட்டிலேயே இதே மாதிரி வண்டி ஒன்று தார்ப்பாயின் கீழ் நின்றதை நான்தான் சொன்னேன். வாட்ச்மேனிடம் பேசி உங்களைக் கூட்டிப் போனதும் நான்தான். அங்கே வலது பக்கத்து காலிப்பரை நமக்கு முன்னாலேயே யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். மிச்சம் இருந்தது இடது பக்கத்தது.

"இது அந்தப் பக்கத்துச் சாமான். வலது பக்கம் மாட்டுனா காத்து எடுக்கற நிப்பிள் கீழ போயிரும். காத்து மேல தங்கும். ஆகாதுப்பா" என்றீர்கள்.

"ஒரு நடைக்கு மட்டும்ங்ணா. கோயமுத்தூர்லயே புதுசு வாங்கி மாட்டிட்டு வந்தர்றேன். இந்தச் சவாரி போச்சுன்னா என்ர ஊட்ல அடுப்பு எரியாது."

அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தீர்கள். பிறகு நீங்கள் செய்ததை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. குழாயை இணைத்துவிட்டு, காலிப்பரைச் சக்கரத்தின் பிரேக் தட்டில் மாட்டாமல் நிப்பிள் மேலே வரும்படி கையில் தூக்கிப் பிடித்தீர்கள். பிஸ்டன் வெளியே துள்ளாமல் இருக்க நடுவில் ஒரு மரத்துண்டைச் செருகினீர்கள். நான் பெடலை மிதிக்க மிதிக்க, குமிழி அடங்கி வெறும் ஆயில் வரும்வரை காற்றை எடுத்தீர்கள். அதன் பிறகுதான் மாட்டினீர்கள். காட்டேரி வரை இரண்டு தடவை இறங்கி ஏறினீர்கள். சாவியை நீட்டும்போது உங்கள் முகத்தில் திருப்தி இல்லை.

"பிடிக்குது. ஆனா இது வேல இல்ல, ஒப்பேத்தறது. நாளைக்கு மறக்காம மாத்திரு. இன்னொண்ணு, எறங்கறப்ப இஞ்சின அணைக்காத. இது உன்ர பழைய வண்டி இல்ல. இஞ்சின் ஓடுனாத்தான் பெடலுக்குப் பலம். அணைச்சீன்னா ரெண்டு மூணு மிதி, அப்புறம் கல்லு."

சரிங்ணா என்றேன். சரி என்று சொல்வதில் எனக்கு எப்போதும் கஷ்டம் இருந்ததில்லை.

மறுநாள் காட்டேரி தாண்டியதும் இஞ்சினை அணைத்தேன். மேலே கேரியரில் பாத்திரம், பாய், ஒரு தையல் மிஷின். வண்டி நல்ல பாரம். பின்சீட்டில் எனக்குப் பின்னால் அந்த அம்மா, பக்கத்தில் பெரியவர். "இந்தக் குளுரு இனி எங்கங்க கெடைக்கப் போகுது" என்று அந்த அம்மா ஜன்னலை இறக்கிவிட்டார். பர்லியாறு வரை ஒன்றும் இல்லை. அதற்குக் கீழே எதிரில் லாரி, அதன் பின்னால் பஸ், மூன்று முறை அடுத்தடுத்து மிதித்தேன். நான்காவது முறை பெடல் இறங்கவே இல்லை. இரண்டு காலையும் ஊன்றி மிதித்தேன். வண்டி ஓடிக்கொண்டே இருந்தது. சாவியைத் திருப்பக் கை போவதற்குள் வளைவு வந்துவிட்டது. வலது பக்கமாகப் பாறையில் போய் மோதினேன்.

அண்ணா, இதுவரை யாரிடமும் சொல்லாததை எழுதுகிறேன். என் வலது தோள் எலும்பு ஒடிந்திருந்தது. பின்னாலிருந்து பெரியவர் தம் மனைவியைப் பேர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், பதில் வரவில்லை. நான் திரும்பிப் பார்ப்பதற்கு முன்னால் கிளட்சை மிதித்து, நியூட்ரலில் இருந்த கியரை இடது கையால் இரண்டாவதில் தள்ளினேன். அதன் பிறகுதான் திரும்பிப் பார்த்தேன்.

அந்த அம்மா இறந்த கேஸுக்காக வண்டியைப் பார்க்க வந்த அதிகாரி டயர் பக்கம் குனிந்து ஒரு நிமிஷத்தில் நிமிர்ந்தார். "காத்து எடுக்கற நிப்பிள் தலகீழா இருக்கு. இதுக்கு மேல என்னத்தப் பாக்கறது? யார் போட்டது?" என்று கேட்டார். நான் உங்கள் பெயரைச் சொன்னேன். வண்டி இரண்டாவது கியரில் இருந்தது என்பதும் எழுதப்பட்டது. அதை எழுதியவருக்கு அது ஒரு வரி, எனக்கு அதுதான் தப்பிக்கும் வழி. ஸ்டேஷனில் நீங்கள், "போட்டது நாந்தானுங்க" என்றதோடு நிறுத்திக்கொண்டீர்களாம். நான் வற்புறுத்தியதையோ, அணைக்காதே என்று நீங்கள் சொல்லி அனுப்பியதையோ பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையாம். ஆஸ்பத்திரிக்கு ரொட்டியோடு என்னைப் பார்க்க வந்தீர்கள். காலடிச் சத்தத்திலேயே தெரிந்தது. கண்ணை மூடித் தூங்குகிறவன் போலப் படுத்துக்கொண்டேன். நீங்கள் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனீர்கள்.

கேஸ் என்று பெரிதாக ஒன்றும் நிற்கவில்லை. ஊர் விட்டால்தானே. "உப்பத் தின்னவன் தண்ணி குடிச்சுத்தானே ஆகோணும்" என்று ஸ்டாண்டில் என் காது படவே பேசினார்கள், எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பதை நான் அங்கேயே நின்று, தோளில் கட்டோடு, டீ குடித்துக்கொண்டே கற்றுக்கொண்டேன். உங்கள் கொட்டகைக்கு வண்டி வருவது நின்றது. மழைக்காலம் முடிவதற்குள் நீங்களும் உங்கள் வீட்டு அக்காவும் திருப்பூருக்கு இறங்கிவிட்டீர்கள். பனியன் கம்பெனியில் துணி மடிக்கிற வேலை என்று கேள்விப்பட்டேன். ஸ்பேனரைத் தொடுவதில்லை என்றும் சொன்னார்கள்.

நான்கு வருஷம் கழித்து ஒரு சவாரியில் திருப்பூர் வந்தபோது உங்களைப் பார்க்க வந்தேன். உண்மையைச் சொல்லத்தான் வந்தேன், நம்புங்கள். ஒற்றை அறை லைன் வீடு. தலை முழுக்க நரைத்திருந்தது. அக்கா டீ போட உள்ளே போனதும், என் பக்கம் சாய்ந்து மெதுவாகக் கேட்டீர்கள்.

"ஏப்பா, உன்னையத் தப்பாச் சொல்லல. ஒண்ணே ஒண்ணு கேக்கோணும். அன்னைக்குப் பெடல் எப்படி இருந்துச்சு? உள்ள போச்சா, கல்லு மாதிரி நின்னுச்சா?"

நான்கு வருஷமாக அந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள். உள்ளே போயிருந்தால் குழாயில் காற்று, உங்கள் கைக் குற்றம். கல்லாக நின்றிருந்தால் இஞ்சின் அணைந்திருந்தது, என் குற்றம். இதைவிட நேரான கேள்வியை எந்த அதிகாரியும் என்னிடம் கேட்கவில்லை.

"கொஞ்சம் உள்ள போச்சுங்ணா" என்றேன்.

தலையை ஆட்டினீர்கள். "அப்பச் சரிதான்" என்றீர்கள். அக்கா கொண்டுவந்த டீயைக் குடித்துவிட்டு நான் கிளம்பினேன். லைசென்ஸ் போய்விடுமே, பெண் பிள்ளை படிக்கிறாளே என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு மலையேறினேன். அதெல்லாம் காரணமே இல்லை. கோழைத்தனம் மட்டும்தான்.

போன மாதம் நீங்கள் போய்விட்ட சேதி வந்தது. காரியம் எல்லாம் முடிந்த பிறகு அக்காவைப் பார்க்கப் போனேன். இந்தத் தடவை சொன்னேன். அணைத்தது, கியரைத் தள்ளியது, உங்கள் கேள்விக்குப் பொய் சொன்னது, எல்லாம். அக்கா அழவில்லை, திட்டவும் இல்லை. முறத்தில் இருந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே இருந்தார்.

"நீங்க வந்துட்டுப் போன அடுத்த ஞாயித்துக்கெழமதான் மொதமொதல்ல அந்தப் பெரியவரு ஊட்டுக்குப் போனாருங்க" என்றார். "அதே ஊர்ல மகன் ஊட்லதான் இருக்காரு. மொத ரெண்டு வருசம் கதவத் தெறக்கவே இல்ல. இவரு வாசல்ல நின்னுட்டு வந்துருவாரு. அப்புறம் அந்தப் பெரியவருக்குக் கண்ணு தெரியாமப் போச்சு, காதும் மந்தம். மகன் வேலைக்குப் போயிருவான். மாசம் மொத ஞாயிறு போயி முடி வெட்டி, தண்ணி வாத்து உட்டுட்டு வருவாரு. ஒவ்வொரு தடவையும், என்ர கையாலதான் உங்க ஊட்டுக்காரம்மா போனாங்கன்னு சொல்லி மன்னிப்புக் கேப்பாரு."

நான் எழுந்துவிட்டேன். அக்கா ஒரு நோட்டிலிருந்து தாளைக் கிழித்து முகவரி எழுதிக் கொடுத்தார். "இவரு செத்த சேதி அந்தப் பெரியவருக்கு யாரும் சொல்லலீங்க. காத்துட்டு இருப்பாரு. நீங்க போங்க" என்றார். அடுத்ததாக, "இந்த ஊட்டுக்கு இனி வர வேண்டாம்" என்றார்.

போன ஞாயிறு, மாசத்தின் முதல் ஞாயிறு, போனேன். பெரியவர் வாசலில் ஸ்டூல் போட்டு, தோளில் துண்டோடு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கத்தரிக்கோலும் சீப்பும் தயாராக இருந்தன. சொல்ல வேண்டியதை வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டுதான் வந்திருந்தேன். செருப்பு நின்ற சத்தத்தை எப்படியோ அறிந்து முகத்தைத் திருப்பினார்.

"மெக்கானிக்குங்களா? ஒரு மாசம் காணோமே" என்றார்.

ஆமாங்க என்றேன், அண்ணா. வாயில் அதுதான் வந்தது. கத்தரிக்கோலை எடுத்தேன். அன்று ஒடிந்த வலது தோள் முழுசாகத் தூக்காது எனக்கு, இருந்தும் வெட்டினேன். பாதியில் அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"இன்னைக்கு நீங்க கேக்கறதுக்கு முன்ன நானே சொல்லிர்றனுங்க. நான் உங்கள மன்னிச்சுட்டேன். மனசறிஞ்சு சொல்றேன். இனிமே அதக் கேக்காதீங்க."

பதினெட்டு வருஷம் நீங்கள் சுமந்து, வாசலில் நின்று, தண்ணீர் வார்த்துச் சம்பாதித்தது அது. உங்களுக்கு ஒரு மாதம் தாமதமாக வந்தது. வாங்கிக்கொண்டு வந்தவன் நான்.