இழுத்துப் பார்த்த முடிச்சு

அன்பு மாப்ளே,

கோடை வந்துவிட்டது. நம் கூட்டம் இந்த வருடமும் பாறையேறப் போயிருக்கிறதாம். நீ மட்டும் போகவில்லையாம். என்னை நினைத்து நின்றுவிடாதே.

போன கோடையில், ஏறுமுன் என் இடுப்புக் கயிற்றின் முடிச்சை வழக்கம்போல் வெடுக்கென்று இழுத்துப் பார்த்து, "போடா, எமனே வந்தாலும் அவிழ்க்க முடியாது" என்றாய். அவிழவில்லைதான். பாறை பெயர்ந்ததற்கு நீ என்ன செய்வாய்?

இப்போது சக்கர நாற்காலியில் என் இடுப்புப் பட்டையை அக்காதான் மாட்டிவிடுகிறாள். நேற்று, "இழுத்துப் பாருக்கா" என்றேன்.

"எதுக்குடா? நீ எங்க விழப்போற?" என்று சிரித்தவள், சட்டென்று சமையலறைக்குள் போய்விட்டாள். குழாய்த் தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

நீ வரமாட்டாய், தெரியும். வந்தால் ஒன்றும் பேச வேண்டாம். இழுத்துப் பார்த்துவிட்டுப் போ.

உன் கயிற்றின் மறுமுனை