டூ-டென்னை பெல் ஏர் என்று சொன்ன நண்பருக்கு

அயோவா
1988 அக்டோபர் 9

அன்புள்ள டெல்மருக்கு,

ஆர்டித் எழுதுகிறேன். அரிசோனா வெயிலில் நீங்களும் லவானும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சோள அறுவடை. துடைக்கத் துடைக்க வீடெல்லாம் தூசி.

பக்கவாதம் வந்ததிலிருந்து என் வீட்டுக்காரர் வெர்லின் வாய் திறக்காமலே இருந்தது உங்களுக்குத் தெரியும். நாம் சொல்வதெல்லாம் புரிந்தது, பேச்சுதான் இல்லை. வந்தால் வரும், வராமலும் போகலாம் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். சர்ச்சிலிருந்து வரும் பெண்கள் பச்சைக் குழந்தையிடம் பேசுவதுபோல அவர் காதில் கத்துவார்கள். அவர்களைப் பிடித்து வெளியே தள்ளலாமா என்றிருக்கும் எனக்கு.

அப்போதுதான் நீங்கள் போன் செய்தீர்கள். ரிசீவரை அவர் காதில் வைத்து, நானும் ஒட்டிக்கொண்டு கேட்டேன். "என்னடா வெர்லின், உன் கல்யாணத்துக்கு ஓட்டிட்டு வந்தியே அம்பத்தஞ்சாம் வருஷத்து ஷெவர்லே, அந்த பெல் ஏர்..." என்று ஆரம்பித்தீர்கள். முப்பது வருஷம் இவரோடு குடித்தனம் நடத்தியவளுக்கு அது பெல் ஏர் இல்லை என்று தெரியாதா? கார் ஒன்றேதான், தரம்தான் மூன்று. ஒன்-ஃபிஃப்டி என்றால் மொட்டை, டூ-டென் நடுத்தரம், பெல் ஏர் என்றால் மேல்தட்டு, முன் மட்கார்டில்கூட வெள்ளிப் பட்டை, ஒரே மினுமினுப்பு. எங்களுடையது நடுத்தரம். கார் கண்காட்சியில் யாராவது பெயரை மாற்றிச் சொன்னால், கடித்த சாண்ட்விச்சை அப்படியே வைத்துவிட்டுத் திருத்த ஓடுகிற மனுஷர் இவர்.

அவர் முகம் சிவந்தது, கழுத்து நரம்பு புடைத்தது. "டூ-டென்!" என்றார். நீங்களா விடுவீர்கள்? "போடா, முன் மட்கார்டுல வெள்ளிப் பட்டை பளபளன்னு இருந்துச்சே" என்றீர்கள். "பட்டை... இல்ல! டூ-டென்!" என்று கத்தினார். நான் சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்து அழுதேன், டெல்மர்.

வேண்டுமென்றேதான் தப்பாகச் சொன்னீர்கள் என்று பிறகு லவான் சொன்னாள். கண்காட்சிகளில் அத்தனை வருஷம் நடுவராக இருந்தவர் நீங்கள், அந்தத் தப்பைச் சொல்ல நாக்கு கூசியிருக்கும். எனக்காகச் சொன்னீர்கள். உங்களுக்கு எப்படி நன்றி சொல்வேன்!

அன்றிலிருந்து எனக்கும் இதே வேலைதான். பழைய கார் பத்திரிகைகளை விரித்து வைத்து இம்பாலாவை பிஸ்கேன் என்பேன், பிஸ்கேனை பெல் ஏர் என்பேன். தினமும் திட்டு விழும். ஆனால் ஒன்று, லவானிடம்கூடச் சொல்லவில்லை. ஊரில் உள்ள கார்களின் பெயரெல்லாம் வந்தது, என் பெயர் மட்டும் வரவில்லை. அது அழிந்தே போய்விட்டதோ என்று பயந்து பயந்து செத்தேன்.

நேற்று சூப் ஊட்டும்போது மனதைத் திடப்படுத்திக்கொண்டு, "நான் யாரு தெரியுதா? உங்க மச்சினி மேக்சின்" என்றேன். என் தங்கையைக் கண்டால் அவருக்கு என்றுமே ஆகாது. ஸ்பூனைத் தட்டிவிட்டார். "மேக்சின்... இல்ல" என்றார். வாய் திறப்பதும் மூடுவதுமாக இருந்தது.

"ஆர்டித்" என்றார். அப்புறம், "ஆர்டித்... உப்பு இல்ல."

ஞாயிறுதோறும் போன் செய்யுங்கள், டெல்மர். வாய்க்கு வந்ததைத் தப்புத்தப்பாகச் சொல்லுங்கள். அவர் உங்களைத் திட்டட்டும். கடவுள் உங்களுக்கு நீண்ட ஆயுளைக் கொடுக்கட்டும்.

என்றும் நன்றியுடன்,
ஆர்டித்