ரேசர்மேல் குற்றமில்லை

என்னிடம் மட்டும் முகத்தை ஒப்படைத்த அப்பாவுக்கு,

நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இதுவரை உங்களுக்கு எழுத வேண்டும் என்று தோன்றியதில்லை. செத்தவர்களுக்குக் கடிதம் எழுதுகிறவர்களைப் பார்த்து நான் சிரித்தவள். இன்று அஞ்சுகிராமத்து வீட்டில், சாப்பாட்டு மேசைமேல் உங்கள் இரண்டு ரேசர்களையும் கழுவித் துடைத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். அண்ணனுக்கு உங்கள் வியாதி வந்திருக்கிறது என்று நினைக்கிறேன், அப்பா. அவன் இன்னும் வேன் ஓட்டிக்கொண்டிருக்கிறான்.

உங்களுக்கு இது தெரியாதே. உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு மஸ்கட்டிலிருந்து வந்த அண்ணன் திரும்பிப் போகவில்லை. நம் ஆரல்வாய்மொழி வீட்டுக்கு வெள்ளையடித்துக் குடியேறிவிட்டான். ஒரு வேன் வாங்கி, பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறான். பதினாலு பிள்ளைகள், அதில் இரண்டு யூ.கே.ஜி. டிரைவர் சீட்டுக்கு மேலே காக்கிச் சட்டை போட்ட உங்கள் படத்தை ஒட்டியிருக்கிறான். முப்பது வருஷம் அரசு பஸ் ஓட்டி ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட இடிக்காதவர் என்று கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறான்.

பதினாறு கழிந்த மறுநாள் உங்கள் சாமான்களை எடுத்து வைத்தபோது, பெரிய ரேசரை அவன் எடுத்துக்கொண்டான். "இது நான் மஸ்கட்டுலேருந்து கொண்டாந்து குடுத்ததுல்லா," என்றான். உங்கள் மருமகன் திருவனந்தபுரத்தில் வாங்கி வந்த சின்ன ரேசர் எனக்கு வந்தது. எனக்கு எதற்கு அது என்று மதினி சிரித்தாள்.

ஒரு பொம்பளை ரேசரைப் பற்றிப் பேசினால் ஆம்பிளைகளுக்குச் சிரிப்பு வரும். வரட்டும். அம்மா போனபிறகு நீங்கள் என் வீட்டில் இருந்த நாலு வருஷமும், ஒன்றுவிட்டு ஒரு நாள் உங்களுக்குச் சவரம் செய்துவிட்டவள் நான். இந்த இரண்டு ரேசர்களைப் பற்றி எனக்குத் தெரிந்தது அவற்றைச் செய்தவனுக்குத் தெரியுமா என்பதே சந்தேகம்.

இரண்டும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். இரண்டிலும் மேல் மூடி, கீழ்த் தட்டு, கைப்பிடி என்று மூன்று துண்டு. இரண்டிலும் ஒரே பிளேடைத்தான் போட்டோம். வித்தியாசம் எல்லாம் அந்தப் பிளேடு எவ்வளவு வெளியே எட்டிப் பார்க்கிறது என்பதில் இருக்கிறது. பெரியதில் பிளேடுக்கும் தட்டுக்கும் நடுவே ஒரு கல்யாணப் பத்திரிகை நுழையும். சின்னதில் நூல் நுழைந்தால் அதிகம். பெரியது கனமானது, அழுத்தவே கூடாது, அதன் எடையே முடியை எடுத்துவிடும். கன்னத்தில் ஒரு இழுப்பு இழுத்தால் போதும், சரசரவென்று சத்தம் வரும், தோல் வழவழவென்று ஆகிவிடும். ஆனால் கோணம் கொஞ்சம் தப்பினால் கடிக்கும். சின்னது சாது. மூன்று தடவை இழுத்தாலும் தாடைக்குக் கீழே கொஞ்சம் மிச்சம் வைக்கும். அதன் கைப்பிடியில் வரிகள் ஆழமில்லை, சோப்புக் கையில் வழுக்கும். அது ஒன்றுதான் அதில் குறை. கன்னத்துக்குப் பெரியது, தொண்டைக்குச் சின்னது என்று நான் வைத்திருந்தேன். உங்கள் தலையே ஆடத் தொடங்கிய கடைசி வருஷத்தில் பெரியதைத் தொடவில்லை.

இன்னொன்றும் கற்றுக்கொண்டேன். ரேசர் கடித்த காயம் வேறு, கை நழுவிய காயம் வேறு. ரேசர் கடித்தால் ரத்தம் புள்ளி புள்ளியாக வரும், படிகாரத்தை வைத்துத் தேய்த்தால் நின்றுவிடும். கை பக்கவாட்டில் நழுவினால் கோடு விழும். மெல்லிய, நேரான கோடு. முதலில் ஒன்றும் தெரியாது, நாலு மூச்சு விட்டபிறகுதான் ரத்தம் வரும். நீங்களே சவரம் செய்துகொண்டிருந்த காலத்தில் உங்கள் முகத்தில் விழுந்ததெல்லாம் கோடுகள்தான். அது அப்போது எனக்குத் தெரியாமல் போயிற்று.

நீங்கள் ரேசரைத்தான் திட்டினீர்கள். "அரபு நாட்டுக்காரனுவளுக்க மூஞ்சிக்கு உள்ளதுட்டி இது, நமக்குச் சரிப்படாது." அதற்காகத்தான் சின்னதை வாங்கினோம். அதிலும் கோடு விழுந்தது. அப்போது பிளேடைத் திட்டினீர்கள். பிறகு சோப்பைத் திட்டினீர்கள். சந்தன சோப்பை மூக்குக்கு நேரே பிடித்து, "சவத்துக்கு வாசமே இல்ல," என்றீர்கள். எனக்கு அடுக்களைவரை மணத்தது. நெய்யூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனபோது டாக்டர் உங்களிடம் முதலில் கேட்டது கையைப் பற்றி அல்ல, வாசனை தெரிகிறதா என்றுதானே? இந்த நடுக்க வியாதியில் கைக்கு முன்னாலேயே மூக்குக்கு வாசனை போய்விடும் என்றார்.

அதெல்லாம் நீங்கள் ரிட்டயர் ஆனபிறகு வந்தது என்றுதான் வீட்டில் எல்லோரும் நினைத்தோம். ஒரு நாள் காலையில், பாதி முகத்தில் நுரையோடு, நீங்கள் என்னிடம் உண்மையைச் சொன்னீர்கள். கடைசி பதினோரு மாசம் அந்தக் கையோடுதான் பஸ் ஓட்டினேன் என்றீர்கள். ஒரு தடவை கணவாயில் பஸ் ரோட்டை விட்டு இறங்கி ஏறியது, கண்டக்டர் என்ன என்று கேட்டார்.

"காத்துன்னு சொல்லிட்டேன் மக்கா. அங்க காத்து உள்ளதுல்லா, அவனும் நம்பிட்டான்."

"ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கலாம்லாப்பா?"

"போனா வண்டிய விட்டு எறக்கிருவானுவ. அண்ணன்ட்ட சொல்லாத, கேட்டியா? அவன் என்னயப் பத்தி நல்லதா நெனச்சிட்டு இருக்கான்."

உங்கள் தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். மிச்சப் பாதி முகத்தையும் வழித்துவிட்டேன். நானும் என் கைக்குழந்தையும் அந்த வருஷம் உங்கள் பஸ்ஸில் முன்சீட்டில் உட்கார்ந்து எத்தனை தடவை வந்திருக்கிறோம்? அப்போதெல்லாம் உங்கள் கை எப்படி இருந்தது, அப்பா? இதை அன்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் இங்கே வந்தான். இடது தாடையில் ஒன்று, மோவாய்க்குக் கீழே ஒன்று. கோடுகள். எப்படி வெட்டியது என்று கேட்டேன்.

"அப்பா சொன்னது செரிதாம்ட்டி. அந்தப் பெரிய ரேசர் ஆளக் கொல்லும்," என்றான்.

"ரேசர் வெட்டினா புள்ளிதாண்ணே வரும்."

"போட்டி. பொம்பள உனக்கு என்ன தெரியும் ஷேவிங்கப் பத்தி?"

அவனுக்கு வயது நாற்பத்தாறு. உங்களுக்கு வந்தபோது ஐம்பத்தேழு. அப்பாவுக்கு வந்தால் பிள்ளைக்கு வரவேண்டும் என்று கட்டாயமில்லை, அபூர்வமாகத்தான் வரும் என்று டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. அதனால் நான் அவசரப்படவில்லை. ரேசரைச் சோதித்துப் பார்த்துவிடுவோம் என்று முடிவு செய்தேன். மறுநாளே அவன் வீட்டுக்குப் போய், பெரியதை நான் வாங்கிக்கொண்டு சின்னதை அவனிடம் கொடுத்தேன். புது பிளேடு ஒரு பாக்கெட்டும் கொடுத்தேன். பெரியதை உங்கள் மருமகன் கையில் கொடுத்து ஒரு வாரம் தினமும் இதில்தான் என்றேன்.

"எம் மூஞ்சிய வச்சு என்னட்டி பரிசோதன பண்ணுக?" என்று கேட்டார். ஆனாலும் செய்தார். அவரை உங்களுக்குத் தெரியும். இரண்டு நிமிஷத்தில் முடிக்கிற ஆள், அழுத்தம் வேறு அதிகம். மூன்றாம் நாள் கழுத்தில் நாலைந்து புள்ளி வந்தது. வாரம் முழுக்கப் பார்த்தேன், ஒரு கோடு இல்லை.

அடுத்த ஞாயிறு அண்ணன் வீட்டுக்குப் போனேன். சாதுவான சின்ன ரேசரில் வழித்த முகத்தில் மூன்று கோடுகள். அந்த ரேசரில் கோடு விழ வேண்டும் என்றால் கை தானாகப் பக்கவாட்டில் போனால்தான் உண்டு. அவன் டீ குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தான். வலது கை மடியில் கிடந்தது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் விபூதி எடுப்பதுபோல ஒன்றோடொன்று உரசிக்கொண்டிருந்தன. நான் பார்ப்பதைப் பார்த்ததும் கையைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டான். சின்ன ரேசரை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டு வந்தேன். அன்றே சொல்லியிருக்க வேண்டும். உங்கள் தலையில் அடித்த சத்தியம் வாயை அடைத்துவிட்டது.

இந்தச் செவ்வாய்க்கிழமை மதினி ஃபோன் பண்ணினாள். கரண்டு எடுக்கிற காற்றாலைக் காத்தாடி நிற்கிற வளைவில் வேன் கரண்டுக் கம்பத்தில் உரசி, இடது பக்கக் கண்ணாடி உடைந்து போயிற்றாம். ஜன்னலோரம் இருந்த பிள்ளைமேல் சில்லு தெறித்ததாம், காயம் இல்லை.

"எப்படியாம் மதினி?"

"காத்து தள்ளிட்டுன்னு சொல்லுகாவ."

"அன்னைக்குக் காத்தாடி சுத்திச்சா?"

"நின்னுட்டுல்லா கெடந்துது," என்றாள். அப்புறம் அழத் தொடங்கினாள்.

நேற்றுச் சாயங்காலம் போனேன். அவன் வேனைக் கழுவிக்கொண்டிருந்தான். புதுக் கண்ணாடி மாட்டியாகிவிட்டது. நான் எல்லாவற்றையும் சொன்னேன், அப்பா. உங்கள் பதினோரு மாசத்தையும், கண்டக்டரிடம் நீங்கள் சொன்ன பொய்யையும் சொன்னேன். உங்களைப் பற்றி அவன் வைத்திருந்த நினைப்பை உடைத்தால் அவன் பயந்து வேனை விட்டு இறங்கிவிடுவான் என்று நம்பினேன்.

அவன் குழாயை மூடினான். டயரைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"பதினோரு மாசமா?"

"ஆமா."

"ஒருத்தரயும் இடிக்கல்லல்லா?"

அவன் முகம் தெளிந்துவிட்டது. இத்தனை நாளாக அவன் முகத்தில் இல்லாத தைரியம் வந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

"முழுப் பரீட்ச முடிய ரெண்டு மாசந்தான கெடக்கு. லீவு விட்டதும் போவோம். நீயே கூட்டிட்டுப் போ, வரமாட்டேன்னு சொல்ல மாட்டேன். அப்பாக்கு ஒண்ணும் ஆவலியே, எனக்கு ஆவுமா?"

அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பயந்துகொண்டு ஓட்டியிருக்கிறான். இப்போது உங்கள் கதையைக் கேட்டபிறகு பயமில்லாமல் ஓட்டப் போகிறான். அந்தப் பயத்தையும் நான்தான் எடுத்துவிட்டேன்.

உங்கள்மேல் எனக்குக் கோபம், அப்பா. நாலு வருஷம் உங்கள் தாடையைப் பிடித்துத் திருப்பியபோது வராத கோபம் இப்போது வருகிறது. நீங்கள் யாரையும் இடிக்காதது உங்கள் கெட்டிக்காரத்தனம் இல்லை. ரோட்டில் அன்று யாரும் குறுக்கே வரவில்லை, அவ்வளவுதான். அதை அவனிடம் நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னாலும் அவன் காதில் ஏறியிருக்குமா?

வேனை நிறுத்தினால் அவனுக்கு வேறு பிழைப்பு இல்லை, எனக்குத் தெரியும். என் முகத்தில் விழிக்க மாட்டான், அதுவும் தெரியும். இன்று காலையிலிருந்து பள்ளிக்கூட நம்பருக்கு அடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை, யாரும் எடுக்கவில்லை. இந்தக் கடிதத்தை ஃபோனில் நாலு பேர் பார்க்கும்படி போடுவதும் அதனால்தான். நம் வீட்டில் பேசாமல் இருந்தது போதும். ஊருக்குத் தெரிந்துவிட்டால் நாளைக் காலையில் எனக்கு மனசு மாற வழியில்லை.

ஏழேகாலுக்கு வேன் கிளம்பும். முதல் பஸ்ஸில் போய் ஏழு மணிக்கு அதன் முன்னால் நிற்பேன். உங்கள் மருமகனும் கடையைத் திறக்காமல் கூட வருகிறார். அண்ணன் ஹாரன் அடிப்பான், திட்டுவான், உங்கள் பெயரைச் சொல்லிக் கத்துவான். நகர மாட்டேன். அவன் காலை பிரேக்கில் வைத்தாலும் வைக்காவிட்டாலும் நகர மாட்டேன். உங்களுக்குச் செய்த சத்தியத்தை நேற்று மீறிவிட்டேன். இதை மீற மாட்டேன், அப்பா.

இப்படிக்கு,
முதலில் அண்ணனுக்குத் தங்கை, அதற்குப் பிறகுதான் உங்களுக்கு மகள்.