மேற்கே பார்த்து வைத்த பிள்ளை

அலுவிகாரை,
மாத்தளை.
14.11.1974

அன்பு மகள் ஜுனைதாவுக்கு வாப்பா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வுடைய கிருபையால் இங்கே நானும் உன் உம்மாவும் தங்கச்சி ஸரீனாவும் நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அந்தச் சாம்பியா தேசத்தில் நீயும் லாபிர் மருமகனும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்க ஐந்து நேரமும் கேட்கிறோம். எல்லோரும் சுகம் என்று எழுதிவிட்டு மேலே போகத்தான் பார்த்தேன், கை ஓடவில்லை. உன் கடிதம் கடை விலாசத்துக்கு வந்து இன்றைக்கு ஒன்பது நாள், ஒன்பது நாளும் அது என் சட்டைப் பையிலேயே கிடக்கிறது, சட்டையை மாற்றினால் அதையும் மாற்றி வைக்கிறேன். பிள்ளையை மேற்கே பார்த்து வைத்துவிட்டோம் வாப்பா, இங்கே மக்கா இருக்கிற கிப்லா வடக்குப் பக்கமாம், கபுறுக் குழியைத் தோண்டித் திருப்பி வைக்க வேண்டுமா என்று பள்ளிவாசல் கலந்தர் லெப்பையிடம் கேட்டு எழுதுங்கள் என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழேயே, இனி இந்த மனுஷனோடு ஒரு கூரைக்குக் கீழே இருக்க என்னால் முடியாது, என்னை ஊருக்குக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள் என்றும் எழுதியிருக்கிறாய். இரண்டுக்கும் பதில் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நாலு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். கடையில் உட்கார்ந்து எழுதலாம் என்றால் இரத்தோட்டையில் இருந்து கிராம்பும் மிளகும் கொண்டு வருகிறவர்கள் முன்னால் வந்து நின்றுகொண்டு என்ன முதலாளி முகம் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்கிறார்கள். வீட்டில் எழுதலாம் என்றால் உன் உம்மா நாச்சியாவைத் தெரியும்தானே, நான் பேனா மூடியைத் திறக்கும் சத்தம் அடுப்படிக்குக் கேட்கும். இங்கே பேக்கரியில் பாணுக்குப் பெரிய கியூ. விடிய சுபஹு தொழுத கையோடு போய் நின்றால்தான் ஒரு றாத்தல் கிடைக்கும். முந்தாநாள் அப்படிப் போய் நின்றவன், எனக்கு முன்னால் இன்னும் மூன்றே மூன்று பேர் இருக்கும்போது என்னவோ நிற்க முடியாமல் வரிசையை விட்டு வந்துவிட்டேன், வெறும் பையோடு வந்ததற்கு உம்மாவிடம் நல்ல ஏச்சு. மழை பின்னேரமானால் பிடித்துக்கொள்கிறது. ஸரீனா தையல் வகுப்புக்குப் போகிறாள், பாதி நாள் குடையை மறந்துவிட்டு வருகிறாள். இதெல்லாம் நீ கேட்காத புதினம், எனக்கும் தெரியும், சுற்றி வளைத்துக்கொண்டு நிற்கிறேன்.

நீ எழுதியதை நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார். அந்தப் பக்கத்து ஜூன் மாதக் குளிரில் நாள் ஆகுமுன்னமே பிள்ளை பிறந்தது, ஒரு பகல் மட்டும் இருந்தது. அந்த ஊரில் நம் மார்க்கத்தவர்கள் என்று உங்களைத் தவிர ஒருவரும் இல்லை, மருமகனோடு அதே பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற, நாவலப்பிட்டியில் இருந்து வந்த நல்லையா மாஸ்டர்தான் கூட நின்று மண்வெட்டி பிடித்தார். குளிப்பாட்டியது, தொழுவித்தது, இறக்கியது எல்லாம் மருமகன் ஒருவராக. நம் ஊர் முறைப்படி தலையை வடக்கே வைத்து முகத்தை மேற்கே திருப்பி வைத்தார். பிறகு இந்த நோன்புப் பெருநாளுக்கு அறுபது மைல் பஸ் பிடித்துப் பெரிய டவுனுக்குப் போயிருக்கிறீர்கள், அங்கே குஜராத்தி வியாபாரி ஒருவரின் வீட்டில் உனக்குத் தொழ முசல்லாப் பாய் விரித்துக் கொடுத்திருக்கிறார்கள். அதை நீ மேற்கே திருப்பிப் போட, அந்த வீட்டுப் பெண் வடக்கே திருப்ப, நீ மறுபடி மேற்கே திருப்ப, கடைசியில் அவள் உன் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினாளாம். ஒரு வருஷத்துக்கு மேல் தொழுத தொழுகை எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும், உனக்கு அந்த இடத்திலேயே பிள்ளையின் ஞாபகம்தான் வந்தது என்று எழுதியிருக்கிறாய். அதை வாசித்தபோது கடையில் ஆட்கள் இருந்தார்கள், நான் உள்ளே போய் சாக்குகளுக்குப் பின்னால் நின்று அழுதேன்.

திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் மருமகனிடம், உங்களுக்கு இது முன்னமே தெரியுமா என்று கேட்டாய், தெரியும் என்று மட்டும் சொன்னாராம். தெரிந்தும் ஏன் என்று கேட்டதற்கு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாராம். அதற்குப் பிறகு நீ அவரோடு பேசுவதில்லை, சோற்றை மூடி வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்கிறாய். கணக்கு மாஸ்டராம், பூமிப் படத்தைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிறாராம், பெற்ற பிள்ளையின் முகத்தைத் திருப்பி வைக்க மட்டும் சோம்பலாம். உன் எழுத்து அந்த இடத்தில் தாளைக் கிழித்திருக்கிறது மகள்.

கலந்தர் லெப்பையிடம் போனேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து எல்லோரும் போகும்வரை கை கால் கழுவும் ஹவுழ் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்து, எனக்குத் தெரிந்த ஒரு ஆள் வெளிநாட்டில் இருந்து கேட்கிறார் என்று தொடங்கினேன். எண்பது வயதுக்குக் கிட்ட ஆகிறது, காது மந்தம், ஆனால் மனுஷனுடைய மனது மட்டும் நல்லாய்க் கேட்கும் அவருக்கு. நாலு மாதம் கடந்துவிட்ட கபுறை இனித் தொடவே கூடாது, மண்ணுக்குள் போனதை மண்ணிடம் விட்டுவிட வேண்டும், ஒன்றும் அறியாமல் போன பிள்ளைக்குக் கேள்வியும் இல்லை கணக்கும் இல்லை என்றார். ஆகவே கபுறைத் தோண்ட வேண்டாம் மகள், அந்த நினைப்பை இன்றோடு விட்டுவிடு. தவறான பக்கம் பார்த்துத் தொழுததை இரண்டு பேரும் முடிந்தபடி கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பித் தொழுது களாச் செய்யட்டும் என்றும் சொன்னார். அவர்களுக்குப் பதிலாக வேறு யாரும் தொழ முடியுமா என்று கேட்டுப் பார்த்தேன், முடியாதாம். எழும்பி வரும்போது, எல்லாம் செரி ஹாஜியார், தெரிஞ்சிக்கிட்டே அந்த வாப்பா ஏன் அப்புடிச் செஞ்சாரு என்று கேட்டார். நான் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன், பாதி வழியில்தான் அது வேறு ஒருவரின் செருப்பு என்று தெரிந்தது.

ஏன் என்று எனக்குத் தெரியும். உனக்குத் தெரியாது, உன் உம்மாவுக்கும் தெரியாது. நீங்கள் புறப்பட்ட அன்று மாத்தளை ஸ்டேஷனில் நீயும் உம்மாவும் ரயில் பெட்டிக்குள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டு இருந்தீர்கள், நாங்கள் ஆண்கள் பிளாட்பாரத்தில் நின்றோம், குடும்பத்தார் எல்லாம் இருந்தார்கள். அப்போது மருமகன் என் பக்கத்தில் வந்து மெதுவாக, மாமா நான் அட்லஸில பாத்தேன், அங்க இருந்து மக்கா வடக்குப் பக்கமா வருது, தொழுறதுக்கு அப்புடித்தானே நிக்கணும் என்று கேட்டார். என் வாப்பாவும் என் வாப்பாவின் வாப்பாவும் மேற்கே பார்த்துத் தொழுதவர்கள், மேற்கு என்றால் எனக்கு அது ஒரு திசை இல்லை, மார்க்கமே அதுதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இத்தனை பேருக்கு முன்னால் நேற்று வந்த பிள்ளை எனக்குக் கிப்லா சொல்லித் தருவதா என்று ரோஷம் வந்தது. படிச்ச திமிருல கிப்லாவ மாத்தப் போறீங்களா, எண்ட மகள அங்க கொண்டு போய் என்ன மார்க்கத்துல வெச்சுக்கப் போறீங்க என்று சத்தம் போட்டேன். ரயில் விசில் ஊதிய பிறகும் நான் விடவில்லை, அவருடைய கையைப் பிடித்து, எங்கே இருந்தாலும் மேற்கே பார்த்துத்தான் நிற்பேன் என்று வாக்கு வாங்கினேன். அவர் முகம் சிவந்து போய், செரி மாமா என்றார். அந்த வாக்கைத்தான் மகள் அவர் அந்தக் குழிக்குள் இறங்கி நின்றபோதும் காப்பாற்றியிருக்கிறார்.

நானாக இருந்தால் நீ பஸ்ஸில் கேட்டவுடன், உன் வாப்பா செய்த வேலை என்று கத்தியிருப்பேன். அவர் உன்னிடம் ஏச்சு வாங்கிக்கொண்டு, மூடி வைத்த சோற்றைத் தனியாகச் சாப்பிட்டுக்கொண்டு, என் பேரைச் சொல்லாமல் இருக்கிறார். உனக்குப் பிள்ளையும் போய் வாப்பாவும் போக வேண்டாம் என்று நினைத்திருப்பார். அதை நினைத்தால் எனக்கு ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை.

மறுநாள் லெப்பையிடம் திரும்பப் போய் உண்மையைச் சொன்னேன். அவர் ஏசவில்லை, ஏசியிருந்தால் நல்லது. புள்ளக்கிக் கேள்வி இல்ல, மருமகனுக்கும் நான் ஒண்டும் செல்ல மாட்டேன், கேள்வி உங்களுக்குத்தான், போய் அவருகிட்ட மாப்புக் கேளுங்க என்றார். வீட்டுக்கு வந்து உன் உம்மாவைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன், ஸ்டேஷன் கதையையும் சொன்னேன். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். பிறகு, அந்தப் புள்ளட மொகம் எங்க ஈந்தாலும் அல்லாஹ்வுக்குத் தெரியும், அத்தின ஆக்களுக்கு முன்னால மருமகன்ட மொகத்த எங்க கொண்டு வெச்சீங்க, அதச் செல்லுங்க என்றாள். அதற்குப் பிறகு நேற்றுவரை என்னோடு பேச்சு இல்லை, தேத்தண்ணீர்க் கோப்பை மட்டும் கொஞ்சம் பலமாக மேசையில் வந்து விழுந்தது.

இனி நீ கேட்ட மற்றதற்கு வருகிறேன். வா என்று ஒரு சொல் எழுதினால் நீ வந்துவிடுவாய், உம்மாவுக்கும் உன்னைப் பார்க்காமல் சோறு இறங்கவில்லை, எனக்கு மட்டும் ஆசை இல்லையா. ஆனால் இந்தக் கோபத்தைத் தூக்கிக்கொண்டு வராதே மகள். அது தவறான ஆளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது, அது எனக்கு வர வேண்டியது. எனக்கு எழுது, எவ்வளவு எழுத வேண்டுமோ எழுது, தாள் கிழிந்தாலும் பரவாயில்லை. இந்தக் கடிதத்தை மருமகனின் கையில் கொடு. அவர் வாசிக்கட்டும். லாபிர் மருமகன், நீங்கள் சொன்னதுதான் சரி, பிழை சொன்னது நான், அதையும் ஊருக்கு முன்னால் சொன்னேன். போன ஞாயிற்றுக்கிழமை ஸ்டேஷனில் அன்று நின்றவர்கள் எல்லோரையும் வீட்டுக்குக் கூப்பிட்டு, அவர்களுக்கு முன்னால் இதைச் சொல்லிவிட்டேன். என்னை மாப்புச் செய்ய வேண்டும். வாங்கிய வாக்கைத் திருப்பித் தந்துவிட்டேன், இனி வடக்கே பார்த்து நில்லுங்கள்.

ஜுனைதா, நீ முன்னே எழுதியிருந்தாய், மருமகன் ஏழு மணிக்குப் பள்ளிக்கூடம் போனால் ஒரு மணிவரை கதவைப் பூட்டிக்கொண்டு இருக்கிறேன், யாரோடும் பேச ஒரு சொல் இல்லை என்று. அந்தக் கதவைத் திற. நிலக்கடலை விற்க வரும் அந்தப் பெண் இரண்டு கையையும் தட்டி ஸலாம் சொல்கிறாள் என்று எழுதினாயே, நீயும் தட்டு, அவளிடம் நாளைக்கு இரண்டு சொல் படி. தேங்காய் இல்லாத ஊரில் கடலையை அரைத்துப் பால் எடுத்து ஆணம் காய்ச்சினேன் என்றதைக் கேட்டு உம்மா மூக்கைச் சுளித்தாள், பிறகு ரகசியமாக அவளும் ஒரு நாள் காய்ச்சிப் பார்த்தாள், உப்புக் கூடிவிட்டது என்று கடலையைக் குறை சொன்னாள். சோளமாக் களியை வெறுக்காதே, அந்த மண்ணில் விளைகிறது அந்த மண்ணில் இருக்கிற உடம்புக்கு ஆகும். நல்லையா மாஸ்டரை ஒரு ஞாயிறு கூப்பிட்டுச் சாப்பாடு கொடு, நம் பிள்ளைக்கு மண்வெட்டி பிடித்த மனுஷன், இந்த வீட்டில் அவருக்கு என்றைக்கும் இடம் உண்டு என்று சொல்.

அல்லாஹ் உங்கள் இரண்டு பேருடைய மனதையும் ஒன்றாக்கி வைப்பானாக, உங்கள் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்க வைப்பானாக, இனி வரும் பிள்ளைகளுக்கு நீண்ட ஆயுளைத் தருவானாக, ஆமீன். உம்மா ஸலாம் சொல்லச் சொன்னாள், ஸரீனாவும்.

மறக்காமல் ஒன்று செய். தந்தியில் பிள்ளை என்றுதான் இருந்தது, மருமகனின் கடிதத்திலும் பிள்ளை, நீ எழுதியதிலும் பிள்ளை. ஆணா பெண்ணா என்று யாருமே எழுதவில்லை, எங்களுக்கும் கேட்க வாய் வரவில்லை. நேற்று உம்மா பேச்சில்லாத கோபத்தையும் விட்டுவிட்டு வந்து அதைத்தான் கேட்டாள். ஏழாம் நாளைப் பார்க்காமல் போய்விட்ட பிள்ளைக்கும் பேர் வைக்கலாம் என்று லெப்பை சொன்னார். நீ தனியாக வைக்காதே, மருமகனிடம் போய்க் கேள், இரண்டு பேருமாகப் பேசி வையுங்கள். வைத்த பேரை உடனே எழுதுங்கள், ஐந்து மாதமாக நாங்கள் பேர் தெரியாமல் துஆக் கேட்டுக்கொண்டு இருக்கிறோம்.

இப்படிக்கு,
உன் வாப்பா
மு. அப்துல் ஸமத்