பெண்கள் ஆடிய முதல் வருடம்

மார்கழி 29, கோப்பாய்

அமெரிக்காவில் குடியிருக்கும் அண்ணையின் மகள் கயல், அங்கே கல்லூரியில் படிப்பவள், மாலையில் வீடியோவில் வந்தாள். நத்தார்ப் பண்டிகை விடுமுறைதோறும் கல்லூரிகள் மோதும் ஐஸ் ஹொக்கிப் போட்டியில் இந்த வருடம் அவள் கோல் காத்தாள். பல தலைமுறையாக ஆண்களே ஆடிவந்த போட்டி அது. பெண்களைச் சேர்த்தது இந்த முறைதான். "பொம்பிளைப் பிள்ளைக்கு உது என்னத்துக்கு?" என்று அண்ணை அவளோடு கதைக்காமலே இருந்தார்.

"தோத்துப்போனம், மாமி" என்றாள். முகம் சிரித்தது. "ஆனா அப்பா வந்தவர். சொல்லாமல் வந்து முன்வரிசையிலை நிண்டு கத்தினவர்."

"என்னெண்டு?"

"'விடாதை பிள்ளை, மறி!' எண்டு. தமிழிலை!"

பிறகு அண்ணை கதைத்தார். கத்தியதில் குரல் கரகரத்தது. அடுத்த வருடமும் போவாராம்.

கயலின் முழங்காலில் கட்டு இருந்தது. அதை நாளைக்குக் கேட்கலாம். இன்று அவர்கள் இருவரும் ஒரே கதிரையில் நெருக்கிக்கொண்டு இருந்தார்கள்.