சிவப்புக் கூலண்ட்

அன்புள்ள பிரியாவுக்கு,

நீயும் பாப்பாவும் சௌக்கியமா? அப்பாவுக்கு இருமல் தேவலையா? நான் நல்லாத்தான் இருக்கறேன் கண்ணு.

நாக்பூர்கிட்ட லாரி சூடாகி நின்னுருச்சு. இஞ்சின் சூட்டைத் தணிக்க நம்ம இந்தப் பழைய வண்டிக்கு எப்பவும் பச்சைக் கூலண்ட்தான் ஊத்துவோம். அது கிடைக்காம, எல்லாம் ஒண்ணுதான்னு கடைக்காரன் சொன்னதை நம்பி, இருந்த பச்சையோட சிவப்பை ஊத்திட்டேன். ரெண்டும் கலந்து ரேடியேட்டர் பூரா களி மாதிரி கட்டிக்கிச்சு. இஞ்சின் போச்சு. இனி பழைய இரும்புக்குத்தான் போடணும்கறாங்க. அடுத்து என்ன பண்றதுன்னே தெரியல.

கேபின்லயே படுத்துக்கறேன், குளுருது. நம்மூரு மாதேஸ்வரன் வண்டி இப்ப ஊருக்குக் கெளம்புது, இதை அவன்கிட்டக் குடுத்தனுப்பறேன். அவன் திரும்பி வர்றப்ப ஒரு போர்வையும் கொஞ்சம் பருப்புப்பொடியும் குடுத்துவிடு.

அப்பாகிட்ட மட்டும் சொல்லிறாதே. போன் பண்ணினா, அவர் வாங்கின லாரியோட இஞ்சின் சத்தத்தைக் கேக்கணும்பாரு. அதனாலதான் எழுதறேன்.

தனபால்