அலவன்ஸில் போகிறவள்

ஜூலை 8, செவ்வாய்

காலையிலேயே மழை. கிள்ளான் கொம்யூட்டர் ரயில் தாமதம். நின்றுகொண்டே வந்தேன். ஐந்தாம் மாதம். லேப் கோட்டின் கீழ்ப் பொத்தான் இனி ஏறாது.

இன்று செய்ய: ரத்த மாதிரிகளை எண்ணி அடுக்க. ஃப்ரீசர் வெப்பநிலை குறிக்க. பேறுகால விடுப்பு ஃபாரம் வாங்க.

மூன்றாவது நடக்கவில்லை. பல்கலைக்கழக எச்ஆரில் பிரேமா அக்கா கம்ப்யூட்டரில் இரண்டு முறை தேடினார்.

“உன் பேரு ஸ்டாஃப் லிஸ்ட்லயே இல்ல மா. நீ ஆராய்ச்சி கிராண்ட் காசுல, அலவன்ஸ்ல போற ஆளு. உனக்கு சூத்தி, லீவு எதுவும் கிடையாது லா. பிள்ளை பெத்துக்கப் போனா கான்ட்ராக்ட் முடிஞ்சிடும்.”

இபிஎஃப் பிடிப்பதில்லை என்று தெரியும். கையில் கொஞ்சம் கூடுதலாக வருகிறதே என்று சந்தோஷப்பட்ட புத்திசாலி நான். விடுப்பும் போகும் என்று யோசிக்கவில்லை.

ஜூலை 9, புதன்

ஆராய்ச்சித் திட்டத்தின் பழைய பட்ஜெட் ஃபைலைத் திறந்து பார்த்தேன். போட்டது நானேதான். அப்போது ஆராய்ச்சித் தலைவர் டாக்டர் வசந்தாவுக்கு ஃப்ரீசர் வேண்டும், தொகையோ மீறிப் போகிறது. “எங்கயாச்சும் வெட்டு மா” என்றார். என் வேலையைச் சம்பளத்திலிருந்து அலவன்ஸுக்கு மாற்றினேன். இபிஎஃப், சொக்சோ காப்புறுதி, விடுப்பு எல்லாம் ஒரே வெட்டில் போயின. ஃப்ரீசர் வந்தது. பாராட்டுகூட வாங்கினேன். கல்யாணமாகி எட்டு வருடம், பிள்ளை நினைப்பையே விட்டிருந்த நேரம் அது.

என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

என் கணவர் கதிரிடம் சொன்னேன். போர்ட்டில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறவர். “லோரி ஓட்டற எனக்கே சொக்சோ இருக்கு. மாஸ்டர்ஸ் முடிச்ச உனக்கு இல்லியா?” அவர் சம்பளம் மட்டும் என்றால் கடன் கட்ட முடியாமல் வீடு கைவிட்டுப் போகும். பயமாக இருக்கிறது.

ஜூலை 10, வியாழன்

கழிவறையில் அழுது, முகம் கழுவி, டாக்டர் வ. அறைக்குப் போனேன்.

“நீ போட்ட பட்ஜெட்தானே மா, நான் சைன் மட்டும்தான் பண்ணேன்.” பிறகு கொஞ்சம் இளகினார். “நவம்பர்லருந்து மூணு மாசத்துக்கு மட்டும் ஒரு ஆளை நீயே கொண்டு வா. உன் இடத்தை வெச்சிருக்கேன். கிடைக்கலன்னா நான் வேற ஆளை நிரந்தரமா எடுத்துக்குவேன்.”

ஜூலை 15, செவ்வாய்

தெரிந்தவர்கள் எல்லோருக்கும் மெசேஜ். வந்த பதில்கள்:
“மூணே மாசமா?”
“இபிஎஃப் இல்லியா?”
“சாரி சிஸ்.”
ஒருவரிடமிருந்து பதிலே இல்லை. நீல டிக் மட்டும்.

முதுகு வலி. சாப்பாடு இறங்கவில்லை. பாவம், உள்ளே இருப்பதும் பட்டினி.

ஜூலை 18, வெள்ளி

பிரிக்பீல்ட்ஸில் ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடை. என் மெசேஜைப் பார்த்து சாந்தி வந்தாள். பூச்சோங்கில் பாலர் பள்ளி டீச்சர், நிரந்தர வேலை, இபிஎஃப் உண்டு. இரண்டு வயதுப் பெண் குழந்தை. டிகிரி பயாலஜி, லேப் வேலைக்கு ஏங்குகிறாள்.

“மூணு மாசம் கழிச்சு நீட்டிப்பாங்களா அக்கா? இல்லன்னா நான் டீச்சர் வேலைய விட முடியாது.”

ரசம் ஆறிக்கொண்டிருந்தது. மூன்று மாதம் முடிந்ததும் அந்த இடத்துக்குத் திரும்புவது நான்தான். இன்னும் யாரும் கிடைக்கவில்லை. இவளும் போனால் வேறு ஆளில்லை.

“நல்லா செஞ்சா நீட்டிப்பாங்க மா” என்றேன்.

என் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாள். மூன்று மாத நோட்டீஸாம், திங்கட்கிழமையே ராஜினாமா கொடுக்கிறாளாம்.